ஏழைகள் இல்லத்துப் பதிவேடுகளும் எங்கள் அக்காவும்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு முப்பத்தொரு நாட்கள். திருப்பலி முடிந்து மண்டபத்தில் சாப்பாட்டுக்கு இருக்கும்போது இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும். இப்படியான மலர்களில் படத்தைப் பார்த்துவிட்டு மூடி வைப்பதுதான் வழக்கம். நானும் அப்படிச் செய்தவன்தான். இந்த ஒருமுறை மட்டும் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். உங்கள் எல்லோரிடமும் நான் சொல்லவேண்டிய ஒன்று இதில் இருக்கிறது. நேரில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

அக்கா யாழ்ப்பாணம் பாஷையூரில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். நான் கடைக்குட்டி. கடலுக்குப் போன அப்பா, எங்கள் ஐயா, திரும்பி வராதபோது அக்காவுக்குப் பத்தொன்பது வயது. மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் பிறப்பு, விவாகம், இறப்புப் பதிவுகளைப் பார்த்து எழுதும் லிகிதர் வேலை கிடைத்தது. அந்த வேலையை வைத்தே எங்கள் நால்வரையும் படிப்பித்து ஆளாக்கினார். கலியாணம் பேசி வந்தவர்களை "பிறகு பாப்பம்" என்று அனுப்பி அனுப்பியே வயது போய்விட்டது. அதைப்பற்றி ஒருநாளும் குறைபட்டு நான் கேட்டதில்லை.

சொந்தத்தில் யார் எப்போது பிறந்தார், எந்தக் கோவிலில் ஞானஸ்நானம் பெற்றார் என்பதெல்லாம் அக்காவுக்கு மனப்பாடம். இடம்பெயர்வில் கடதாசிகளைத் தொலைத்துவிட்டு லண்டனுக்கும் கனடாவுக்கும் வந்து சேர்ந்த எத்தனையோ பேர் தங்கள் பிறந்த திகதியை அக்காவிடம்தான் கேட்டு எழுதினார்கள். வயதைக் குறைத்துச் சொல்லித் திரிந்த மாமிமாருக்கு அக்கா என்றால் உள்ளூரப் பயம். பெயர் சொல்லமாட்டேன், இங்கே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

போர் எங்களைக் கலைத்த பிறகு அக்காவும் லண்டன் வந்து, குட்மேய்ஸில் எங்கள் வீட்டில் ஒருவராக இருந்தார். பக்கத்து ஊரில் இருந்த ஒரு பழைய ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகளையும் துவாய்களையும் பிரித்து அடுக்கும் வேலை. கச்சேரிக் கதிரையில் இருந்தவர் இங்கே துணி மடிக்கிறாரே என்று நான்தான் நொந்துகொண்டேன். அக்கா நோகவில்லை.

அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு பழைய கதை இருந்தது. முன்னொரு காலத்தில் அது வேக்ஹவுஸ் என்று இந்த ஊர்ச் சனம் சொல்லும் ஏழைகள் இல்லம். வழியற்றுப் போனவர்களை உள்ளே எடுத்து, புருஷனை ஒரு பக்கம், பெண்சாதியை ஒரு பக்கம், பிள்ளைகளை இன்னொரு பக்கம் என்று பிரித்து வைத்து, வேலை வாங்கிச் சாப்பாடு கொடுத்த இடம். கூட வேலை செய்தவர்கள் சொல்ல அக்கா இதைக் கேட்டிருக்கிறார். அங்கே இருந்தவர்களுக்கும் பதிவேடு இருந்திருக்குமே என்பதுதான் அக்காவுக்கு முதலில் வந்த யோசனை. வேறு யாருக்கு அப்படி யோசனை வரும்?

பென்ஷன் எடுத்த பிறகு கிழமையில் இரண்டு நாள் சாப்பாட்டுப் பெட்டியும் கட்டிக்கொண்டு ஆவணக் காப்பகத்துக்குப் போகத் தொடங்கினார். அங்கே பேனை கொண்டுபோக விடமாட்டார்கள், பென்சில் மட்டும்தான். உள்ளே வந்தவர்களின் பதிவு, வெளியே போனவர்களின் பதிவு, இறந்தவர்களின் பதிவு என்று ஒவ்வொன்றாக எடுத்து, கேட்க ஆளில்லாமல் இறந்தவர்களின் பெயர்களைக் கொப்பியில் எழுதி வருவார். வெள்ளைக்காரன்ரை செத்தவீட்டை நீங்கள் ஏன் அக்கா எடுத்து நடத்திறியள் என்று நான் பகிடி பண்ணுவேன். அக்கா சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

பிறகு வந்தது அந்தக் கார்த்திகை மாதம். மரித்தோருக்கான மாதம். எங்கள் தமிழ்த் திருப்பலியில் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் இறந்தவர்களின் பெயர்களை ஓர் உறையில் எழுதிக் கொடுப்பதும், குடும்பத்தின் பெயரைச் சொல்லி அவற்றை வாசிப்பதும் உங்களுக்குத் தெரியும். அந்த ஆண்டு எங்கள் உறையை எழுதிக் கொடுத்தது அக்கா. நான் திறந்து பார்க்கவில்லை. ஐயா, அம்மா, சின்னம்மா என்று வாசித்துவந்த சுவாமியார் அடுத்ததாக எலைசா, தோமஸ், குழந்தை ஹென்றி, வயது தெரியாத மேரி என்று தொடங்கினார். தொடங்கியவர் நிறுத்தவேயில்லை. முன்வாங்கில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தார்கள். திருப்பலியை இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்த கனடா மாமி, நான் காரில் ஏறுமுன்னமே போன் எடுத்து, ஐயாவுக்கு வெள்ளைக்காரப் பெண்சாதி ஒன்று இருந்ததா என்று நேராகவே கேட்டுவிட்டார். கடலைத் தவிர வேறெங்கும் போகாத மனிதர் எங்கள் ஐயா! விளக்கம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் உளைந்தது.

"வாசிக்க ஆளில்லாத பேருகள், தம்பி. எங்கடை உறையிலை இடம் இருந்தது" என்று சொல்லிவிட்டு அக்கா தேத்தண்ணி போடப் போனார்.

அன்று கோவிலில் பூ அலங்காரம் செய்துகொண்டிருந்த மோரீன் என்ற ஆங்கிலேய அம்மா, தமிழுக்கு நடுவே இந்தப் பெயர்களைக் கேட்டு, யார் இவர்கள் என்று விசாரித்து வந்தார். அப்படித்தான் பழக்கம் உண்டானது. அவருடைய தகப்பன் தன் சிறுவயதைப்பற்றி வாயே திறக்காமல் இறந்தவராம். கையில் இருந்தது ஒரு பிறப்புச் சான்றிதழ் மட்டும். பிறந்த இடம் என்ற இடத்தில் ஒரு தெருவின் பெயரும் இரண்டாம் இலக்கமும். அந்த வீட்டைத் தேடிப் போனால் அப்படி ஒரு வீடே இல்லை என்றார்.

அக்கா பார்த்த உடனே சொல்லிவிட்டார். எத்தனையோ வருடம் சலவை லொறி கொண்டுவந்த ரசீதுத் துண்டுகளில் பார்த்துக் கையெழுத்து வைத்த விலாசம் அது, ஆஸ்பத்திரியின் பின்வாசல். ஏழைகள் இல்லத்தில் பிறந்தவர் என்ற பெயர் பிள்ளையைக் காலம் முழுக்க ஒட்டிக்கொண்டு வரக்கூடாதென்று, சான்றிதழில் வெறும் தெரு விலாசத்தை எழுதும் வழக்கம் இங்கே இருந்திருக்கிறது. மோரீனுக்கு முகம் சிவந்துவிட்டது. நாங்கள் அப்படிப்பட்ட குடும்பம் இல்லை என்று எழும்பிப் போனவர் மூன்று கிழமை அக்காவோடு கதைக்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு தானாகவே வந்தார். அவருக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று. பெற்றவள் தன்னை எறிந்துவிட்டுப் போனாள் என்றுதான் தகப்பன் சாகும்வரை நம்பியிருந்தாராம். அது உண்மையா?

அந்தப் பனிக்காலம் முழுதும் அக்கா அதிலேயே நின்றார். அந்த இல்லங்களில் ஒவ்வொருவரின் சமயத்தையும் எழுதிவைத்த பதிவேடு ஒன்று உண்டு. கத்தோலிக்கப் பிள்ளை என்பதால் மோரீனின் தகப்பனைக் கன்னியாஸ்திரிமாரின் விடுதிக்கு அனுப்பியது அதில் இருந்தது. நெருங்கிய உறவு என்ற இடத்தில் தாயின் பெயர், பக்கத்தில் 'இங்கேயே, சலவைப் பகுதி'. மற்றப் பதிவேடுகளையும் புரட்டியபோது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தத் தாய் திரும்பத் திரும்ப வெளியே போனதும், வாழ வழியில்லாமல் திரும்பத் திரும்ப உள்ளே வந்ததும் தெரிந்தது. பிள்ளையைக் கன்னியாஸ்திரிமார் எடுத்துக்கொண்டு போன பிறகும் அவள் எங்கும் ஓடவில்லை. அங்கேயே துணி தோய்த்து, அங்கேயே இறந்திருக்கிறாள். எங்கள் குசினி மேசையில் அக்கா இதை வாசித்துக் காட்டியபோது மோரீன் அழுதார். வெட்கத்துக்காக எழுதின ஒரு விலாசம் அப்பாவிடமிருந்து அவருடைய தாயை மறைத்துவிட்டது என்று அவர் சொன்னதை நான் கதவடியில் நின்று கேட்டேன். கேட்டு எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும்.

போன ஆண்டு அக்காவுக்குப் பாரிசவாதம் வந்தது. ஒரு பக்கம் முழுதும் இழுத்துவிட்டது. தூக்க இரண்டு பேர் வேண்டும். எங்கள் வீட்டில் படி. நானும் மனைவியும் ஷிப்ட் வேலை. நேர்சிங் ஹோம்தான் வழி என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இடம் இருந்தது ஒன்றே ஒன்றில். எது என்று நினைக்கிறீர்கள்? ஆஸ்பத்திரியை மூடிய பிறகு அந்தப் பழைய ஏழைகள் இல்லக் கட்டடத்தின் ஒரு பகுதியைத் திருத்திக் கட்டிய அதே நேர்சிங் ஹோம். எங்களைப் பெறாமல் பெற்றவரை அங்கே கொண்டுபோய் விடுவதா என்று குழம்பி நின்றேன்.

நாக்குக் குழறக் குழற அக்காதான் முடிவு சொன்னார். "நான் அங்கை போறன். எனக்கு அந்த இடமும் தெரியும், அங்கை இருந்த சனத்தையும் தெரியும். இதிலை என்ன வெட்கம்?"

அக்காவுக்கு வெட்கமில்லை. எனக்கு இருந்தது. தமக்கையைக் கொண்டுபோய் ஹோமில் தள்ளிவிட்டான் என்று சனம் கதைக்குமே என்ற ஒரே பயம். கூடப்பிறந்தவர்கள் முதற்கொண்டு நீங்கள் எல்லோரும் போன் எடுத்தபோதெல்லாம் அக்கா ஆஸ்பத்திரியில் என்றேன். வந்து பார்க்கிறோம் என்றவர்களிடம் கிருமி தொற்றுமாம், விடமாட்டார்கள் என்றேன். இப்படி நான்கு மாதம். பொய் சொல்லாதையுங்கோ என்று மனைவி சண்டை பிடித்தாள். அவளையும் வாயை மூடச் சொன்னேன்.

ஒருநாள் அக்கா, ஏன் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை என்று கேட்டார். எல்லோருக்கும் காய்ச்சல் என்றேன். ஆயிரம் பதிவேடு வாசித்தவரிடம் என் பொய் எடுபடுமா?

"நீ ஒருத்தருக்கும் சொல்லேல்லை, என்ன?"

நான் குனிந்து அவர் காலடிப் போர்வையைச் சரிசெய்தேன்.

"சரி. பிறகு எழுதேக்கை எண்டாலும் சரியா எழுது." கோபம் இல்லை. என் கையைத் தடவிவிட்டார். அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்க ஏலாமல் இருக்கிறது.

அக்காவின் உயிர் பிரிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். நான் பஸ் டிப்போவில் வேலையில் நின்றேன். அன்றைக்கும் பக்கத்தில் இருந்தவர், கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்த மோரீன். கையைப் பிடித்துக்கொண்டு செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாராம். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதற்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. மரண அறிவித்தலில் 'தமது இல்லத்தில், குடும்பத்தினர் சூழ' என்று எழுதிக் கொடுத்தேன்.

எங்கள் துயரில் தோள் கொடுத்த எல்லோருக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. அக்காவைக் குளிப்பாட்டி, தலை வாரி, தெரியாத தமிழில் 'அக்கா' என்றே கூப்பிட்ட பராமரிப்புப் பிள்ளைகளுக்கும், ஆறுதல் தந்த பங்குத்தந்தைக்கும், உணவு கொண்டுவந்து தந்த அயலவர்களுக்கும் நன்றி. மோரீனுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

உறவுகளே, நீங்கள் வரவில்லை என்று உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். தெரிந்திருந்தால் லண்டனில் சட்டனிலிருந்தும் அப்டன் பார்க்கிலிருந்தும் நாளுக்கொருவராய் வந்திருப்பீர்கள். அக்காவின் கட்டிலடியில் கதிரை போதாமல் போயிருக்கும். உங்களிடமிருந்து அக்காவையும் அக்காவிடமிருந்து உங்களையும் மறைத்தவன் நான். மன்னித்துக்கொள்ளுங்கள். இந்த மலரை எங்கள் பேரப்பிள்ளைகள் என்றாவது எடுத்துப் பார்த்தால், அவர்களுக்காகச் சரியாக எழுதி வைக்கிறேன்.

இறந்த இடம்: பழைய ஏழைகள் இல்லக் கட்டடத்திலுள்ள நேர்சிங் ஹோம்.
பக்கத்தில் இருந்தவர்: சிநேகிதி மோரீன்.
தகவல் தருபவர்: அப்போது பக்கத்தில் இல்லாத தம்பி.