எழுபது நிமிஷம்

சிறுமலை நல்லுசாமி எதற்கு ஓடுகிறார் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். சர்க்கரை வியாதி என்பார் ஒருவர், மெடல் ஆசை என்பார் இன்னொருவர். “வாழைத்தார் சுமக்குற ஆளுக்கு அம்பது வயசுல டவுசர் ஒரு கேடா?” என்று கேட்டவர்களும் உண்டு. உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியுமா?

உண்மை வேறு. பத்து வருஷத்துக்கு முன்னால், ஐப்பசியில், மிளகுக்கொடி அடியில் அவர் மனைவி ராமுத்தாயைப் பாம்பு கடித்தது. மணி மூன்று. மழையில் செல்போன் டவர் செத்துக் கிடந்தது. ஊரிலிருந்த இரண்டு பைக்கும் சந்தைக்கு இறங்கியிருந்தன. மூன்றரை மணி பஸ்ஸை நம்பி மனைவியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார். ஒன்பது வயது மகள் பவித்ரா பின்னாலேயே அழுதுகொண்டு வந்தாள்.

ரோட்டுக்கு வந்ததுமே அவள் சொன்னாள்:

“அப்பா, கீழ ஓடிப்போயி வண்டி கூட்டிட்டு வாப்பா.”

“சும்மா இரு புள்ள. இந்தா வந்துரும்.”

மலைக்காரர்களின் புத்தி அது. அங்கே பஸ் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு பிந்தி வரும், வராமல் இருக்காது. ஓடிப்போன பிறகு பஸ் வந்துவிட்டால் இவளை யார் தூக்கி ஏற்றுவது? அப்படி நினைத்து நினைத்தே மூன்றரை, நாலு என்று நேரம் போனது. பாழாய்ப்போன பஸ் டயர் வெடித்துக் கிடந்து ஆறு மணிக்கு வந்தது. திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் டாக்டர், “ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்” என்றார். அந்த மனுஷன் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்றிலிருந்து நல்லுசாமிக்கு ஒரே கேள்விதான். பாம்பு கடித்ததுமே ஓடி, அடிவாரத்துக்குப் பதினாலு கிலோமீட்டரை எழுபது நிமிஷத்தில் கடந்து, ஒரு ஜீப்பை ஐந்து மணிக்குள் மேலே சேரும்படி அனுப்பியிருந்தால் அந்த ஒரு மணி நேரம் கிடைத்திருக்கும். எழுபது நிமிஷம் தன்னால் முடிந்திருக்குமா? அது தெரியாமல் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

ஏழு வருஷம் கழித்து, மலையிலிருந்து அடிவாரத்துக்கு ஓட்டப்பந்தயம் என்று நோட்டீஸ் ஒட்டியபோது, இப்போது திண்டுக்கல்லில் ஜவுளிக்கடை வேலைக்குப் போகும் பவித்ராவிடம் பேர் கொடுக்கச் சொன்னார். முதல் வருஷம் தொண்ணூற்று நாலு நிமிஷம். வீட்டுக்கு வந்து ராமுத்தாயின் படத்தின் முன் நின்று, “என்னால முடிஞ்சிருக்காதுத்தா” என்றார். அன்று வயிறாரச் சாப்பிட்டார்.

ஒரு வாரம் தாங்கவில்லை அந்த நிம்மதி. பாம்பு கடித்த அன்றைக்கு வயசு முப்பத்தெட்டு, இந்த முதல் ஓட்டத்தில் நாற்பத்தைந்து, பழக்கமும் இல்லை. இதைச் சாக்காக வைத்துத் தப்பிக்கலாமா? தினமும் விடிந்ததும் ஓடிப் பழகினார். அடுத்த வருஷம் எண்பத்து மூன்று, அதற்கடுத்து எழுபத்தைந்து. எழுபதைத் தொடாமல் தோற்றால்தான் அவருக்கு நிம்மதி. ஆனாலும் வேண்டுமென்றே மெதுவாக ஓட மனசு வரவில்லை. செத்தவளை ஏமாற்றலாமா?

இந்தத் தை மாதம் அடிவாரத்தில், பந்தயம் தொடங்கியதிலிருந்து செல்போனில் ஓடவிட்ட நேரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தாள் பவித்ரா. கடைசி வளைவில் அப்பா தலை தெரிந்ததும் கத்தினாள். கோட்டைத் தாண்டியதும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

“அப்பா, அறுவத்தெட்டு! இம்புட்டு வேகமா ஓடுவேன்னு சொல்லவே இல்லையேப்பா!”

நல்லுசாமி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். யாரோ மெடலை மாட்டினார்கள், யாரோ தண்ணீர் நீட்டினார்கள். அவர் எதையும் பார்க்கவில்லை. வாய்விட்டு அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று கூட்டம் கைதட்டியது.

“ஏம்ப்பா அழுகுற? செயிச்சுட்டல்ல?”

“நீ அன்னிக்கே சொன்னியே புள்ள,” என்றார் நல்லுசாமி. “ஓடிப் போப்பான்னு.”

பவித்ராவின் கையிலிருந்த செல்போனில் நேரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. அந்த மழை, அந்த ரோடு, அம்மாவின் வாயில் தள்ளிய நுரை, தான் சொன்ன அந்த வார்த்தை. அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நான் எங்கப்பா சொன்னேன்?” என்றாள். “அப்படியெல்லாம் சொல்லலியே.”