சூசைதாசன் ஐயாவும் மீனெண்ணெய்ப் போத்தலும்

நோர்வூட்டிலிருந்து வந்த பஸ் கண்டக்டர்தான் சொன்னார்: "மாஸ்டர், நம்ம டொக்டர் ஐயா தவறிட்டாங்க." பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்தேன். மணி அடிக்க வேண்டிய நேரம். அடிக்காமல் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து மருந்துச்சாலையை இருபது வருடம் பார்த்தவர் சூசைதாசன் ஐயா. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வந்தால் நோயாளியின் பாயிலேயே உட்காருவார். "மருந்து குடிக்கலன்னா குடிக்கலன்னு சொல்லிருங்க, ஏச மாட்டேன்" என்று எல்லோரிடமும் சொல்வார். அவரிடம் மருந்து வாங்கியிருந்தால் உங்களிடமும் சொல்லியிருப்பார்.

எனக்குக் கைகளிலும் கழுத்திலும் தோல் சிவந்து, தடித்து, செதில் செதிலாக உதிர்ந்தது. குஷ்டம் என்று பேச்சுக் கிளம்பி, பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தினார்கள். வேலையே போய்விடும் போலிருந்தது. ஐயா வகுப்புக்கு வந்து, பெற்றோர் பார்க்க என் கையைப் பிடித்துக்கொண்டே அரை மணி நேரம் பேசினார். ஒட்டாது என்று அப்போதுதான் நம்பினார்கள்.

பிறகு ஏதோ மருத்துவச் சஞ்சிகையில் படித்தாராம். கடல் மீன் எண்ணெயில் ஒமேகா-3 என்றொரு கொழுப்பமிலம் இருக்கிறது, அது தோலின் அழற்சியைத் தணிக்கக்கூடும் என்று. கொழும்பிலிருந்து போத்தல்களை வரவழைத்துத் தினமும் குடிக்கச் சொன்னார். நாற்றம் தாங்காமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். மூன்று மாதத்தில் சிவப்பு அடங்கத் தொடங்கியது. சின்னப் பிள்ளை போலச் சந்தோஷப்பட்டார். அதே தொல்லையோடு கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த முத்தம்மாவுக்கும் கொடுக்க ஆரம்பித்தார்.

அந்த மாசியில் காமன் கூத்தில் எனக்கு மன்மதன் வேஷம். அந்த வேஷம் கட்டுபவன் விரதம் இருக்க வேண்டும்; மீன் தொடலாமா? ஒத்திகை தொடங்கிய நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் எண்ணெயை நிறுத்திவிட்டேன். கூத்து முடிந்தபோது கழுத்தெல்லாம் மறுபடி சிவந்து எரிந்தது.

"ஒழுங்கா குடிச்சீங்களா மாஸ்டர்?"

அவர் வேதக்காரர், தேவாலயம் போகிறவர். விரதத்தைச் சொன்னால் என்ன நினைப்பாரோ என்று வெட்கம். "ஒரு நாள்கூட விடலைங்க ஐயா" என்றேன்.

நம்பிவிட்டார். முகம் வாடிப்போயிற்று. "படிச்சத நம்பி உங்கள சும்மா கஷ்டப்படுத்திட்டேன். மன்னிச்சிக்குங்க மாஸ்டர்" என்றார்.

முத்தம்மாவுக்கும் எண்ணெயை அன்றே நிறுத்தினார். அடுத்த மழைக்காலத்தில் விரல்கள் வெடித்து, அவள் கொழுந்தெடுக்க முடியாமல் வேலையை விட்டாள். எண்ணெய் அவளைக் காப்பாற்றியிருக்குமா, தெரியாது. தெரிந்துகொள்ளவே விடாமல் கெடுத்தவன் நான். ஐயா அதன்பின் அந்தச் சஞ்சிகையைப் பற்றிப் பேசவே இல்லை.

சவப்பெட்டிக்கு அருகில் நின்று உண்மையைச் சொல்லிவிட நினைத்தேன். அழுகைதான் வந்தது. அவர் நினைவாக என்னிடம் படமோ பொருளோ கிடையாது. நான் அவரிடம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை அவர் என்னிடம் கேட்டார். அது மட்டும்தான் இருக்கிறது.