குருமிளகுக் கம்பெனி முதலாளி

மக்களே, உங்கள் இரண்டு பேருக்கும் மலையாளம் தண்ணீர் மாதிரி வரும். தமிழ் தட்டித் தடவித்தான் வரும். பரவாயில்லை, எழுத்துக் கூட்டிப் படியுங்கள். வரி ஆபீசில் நடந்தது உங்கள் அக்காவுக்குத் தெரியும். நீங்கள் அன்று பள்ளிக்கூடம் போயிருந்தீர்கள். என்னிடம் கேட்கவும் இல்லை. கேட்காததுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

மட்டாஞ்சேரியில் குருமிளகு மூட்டை சுமக்கிறவன் நான். கிடங்குப் பக்கம் சாயா குடிக்க வருகிற ஒரு சேட்டன், “உங்க பேருல ஒரு கம்பெனி போடலாம். ஆதாரும் கரண்டு பில்லும் மட்டும் தாங்க. வருமானத்துல பங்கு வரும்” என்றார். ஜி.எஸ்.டி.யில் பதிய வேண்டுமாம். கொடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பிளாஸ்டிக் போர்டு ஒன்றை நம் வாசலில் கட்டினார். மொத்த வியாபாரம், குருமிளகு, ஏலக்காய், சுக்கு. கீழே என் பெயர். எனக்குத் தேய்த்த வெள்ளைச் சட்டையும் கொண்டுவந்திருந்தார். போட்டோ எடுத்ததும் சட்டையையும் போர்டையும் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார். வீட்டில் ரசத்துக்கு வைத்த மிளகைத் தவிர வேறு மிளகு இல்லை. அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அந்தப் போர்டின் கீழே நிற்க எனக்கு ஆசையாக இருந்தது.

பிறகு வரி நோட்டீஸ் வந்தது. அந்தக் கம்பெனி பெயரில் பொய்ப் பில்லாகப் போட்டுத் தள்ளியிருக்கிறார்கள். சேட்டனின் போன் அணைந்துவிட்டது. கிடங்கில் கூட இருப்பவர்கள் விடவில்லை.

“முதலாளி, இன்னைக்கு மிளகு என்ன ரேட்டு?”

“ஏய், முதலாளி தலையில மூட்டை ஏத்தாதே. காருல ஏத்து!”

நானும் சேர்ந்து சிரித்தேன். என் பேப்பரைத் திருடிவிட்டார்கள் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். அக்காவிடமும் அதையேதான் சொன்னேன். அவள் நம்பி, மலையாளத்தில் அழகாக ஒரு புகார் எழுதினாள். ‘என் அப்பா ஒன்றும் அறியாதவர், அவருக்குத் தெரியாமல் இது நடந்தது’ என்று அதில் ஒரு வரி.

அதை எடுத்துக்கொண்டு அக்காவும் நானும் ஆபீசுக்குப் போனோம். அங்கிருந்த மேடம் படித்துவிட்டு, “இப்ப சட்டம் மாறியாச்சு சேட்டா. சந்தேகம் இருந்தா ஆள் நேர்ல வந்து விரல் வைக்கணும், நாங்க போய் இடத்தைப் பாக்கணும். நீங்க பதிஞ்ச காலத்துல பேப்பரும் போட்டோவும் போதுமாயிருந்தது” என்றார். சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார்.

வெள்ளைச் சட்டையில் நான் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். சின்னவனே, என் கையைப் பிடித்துக்கொண்டு நீயும் நிற்கிறாய். விளையாடிக்கொண்டிருந்த உன்னை நான்தான் கூப்பிட்டு நிறுத்தினேன். மறுநாள் நீ வகுப்பில், ‘எங்க அப்பா முதலாளி’ என்று சொன்னதாக டீச்சர் சொன்னபோது நான் மறுக்கவில்லை.

அக்கா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாரும் பிடிச்சு நிறுத்தின மாதிரி தெரியலையே” என்றார் மேடம். “தெரியாம நடந்ததுன்னா ஒரு வழி. தெரிஞ்சு நின்னீங்கன்னா உங்க மேலயும் கேஸ் வரும். யோசிச்சுச் சொல்லுங்க.”

நான் அக்காவைப் பார்த்தேன். “அப்பாவுக்குத் தெரியாதுன்னு எழுதின அந்த வரியை வெட்டிடு, மோளே.”

“நான் வெட்டமாட்டேன். நீங்களே வெட்டுங்க” என்று பேனாவை நீட்டினாள்.

மலையாளம் எனக்குப் படிக்க வராது, எந்த வரி என்று தெரியவில்லை. அவளே விரல் வைத்துக் காட்ட, வெட்டினேன்.

“இப்ப என்ன எழுதணும்?”

“தெரிஞ்சுதான் நின்னேன்னு எழுது.”

எழுதினாள். கையெழுத்துப் போடுவதற்குமுன் எனக்குப் படித்துக் காட்டச் சொன்னார் மேடம். பின்னால் நாற்காலிகளில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா குரலைக் குறைக்கவில்லை. ‘இந்தக் கம்பெனி பொய் என்று அறிந்தே நான் போட்டோவுக்கு நின்றேன்; என் மகனையும் நிறுத்தினேன்.’ மகனைப் பற்றி நான் சொல்லவில்லை. அவளாகச் சேர்த்திருந்தாள்.

“சரிதானே அப்பா?” என்று கேட்டாள்.

சரி என்று சொல்லி ஒப்புப் போட்டேன்.