குறைத்துக் காட்டும் தராசு

குறைத்துக் காட்டும் தராசை நம்பக் கூடாது. அம்மாவிடம் இருந்த சட்டம் அது ஒன்றுதான்.

அம்மா அரவேணு பக்கம் ஒரு எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறித்தாள். சாயங்காலம் இலையை எடை போடுவார்கள். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். வெயில் அடித்த நாளிலும் ஈரத்துக்குக் கழிப்பார்கள்.

"குறையறது எங்கியும் போகாது. எவனோ ஒருத்தன் மடியிலதான் உளுகும்" என்பாள்.

அம்மாவுக்குக் கனத்த உடம்பு. முட்டி வலி. எஸ்டேட் கொடுத்த எங்கள் லைன் வீடு மேட்டில் இருந்தது. மெடிக்கல் கடை கீழே ரோட்டில். நடுவில் செங்குத்தான படி. பாதிப் படியில் ஒரு கல் கிடக்கும். ஏறும்போதெல்லாம் அம்மா அதில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் மிச்சத்தை ஏறுவாள். மேல் காட்டுக்கு ஏற முடியாதவர்களை வேலையை விட்டு நிறுத்தப் போவதாக சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். வேலை போனால் வீடும் போகும்.

ஆஸ்பத்திரி டாக்டர் எடையைக் குறை என்றார். எப்படி என்று சொல்ல அவருக்கு நேரமில்லை. டி.வி.யில் ஒரு பவுடரைக் காட்டினார்கள். தின்றால் இளைக்கலாமாம். அதை வாங்க அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மெடிக்கலுக்குப் போனாள்.

மெடிக்கல்காரர் கொடுக்கவில்லை.

"அதுல என்ன கலந்திருக்குன்னு எனக்கே தெரியாதுங்க்கா. எளைக்கற மருந்துன்னா டாக்டர் எழுதணும். அது கெடக்கட்டும், டீக்கு எத்தனை சக்கரை போடுவீங்க?"

"அது எதுக்குங்க தம்பி உங்களுக்கு?"

"சும்மா சொல்லுங்க்கா."

அம்மா பாதியை மறைத்துச் சொன்னாள். அவர் மறைத்ததையும் சேர்த்துக் குறைக்கச் சொன்னார். டீயோடு தின்னும் வர்க்கியை நாலிலிருந்து ரெண்டாக்கச் சொன்னார். பட்டினி மட்டும் கிடக்க வேண்டாம் என்றார். ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து கடையில் இருக்கும் எடை மிஷினில் ஏறச் சொன்னார். காசு வேண்டாம் என்றார்.

அங்கேதான் அம்மாவுக்குச் சந்தேகம் பிடித்தது.

"ஏனுங்க, விக்கறதுக்குன்னு உக்காந்திருக்கறவன் விக்கமாட்டீங்கறான். காசும் வேண்டாங்கறான்" என்று அப்பாவிடம் சொன்னாள்.

"மொதல்ல அப்படித்தான் இருப்பான். அப்பறம் பாரு, எல்லாத்துக்கும் சேத்துக் காசு தீட்டுவான்" என்றார் அப்பா.

ஆனாலும் போனாள். வேலைப் பயம். மிச்சமான வர்க்கி ரெண்டும் எனக்கு வந்தது. அதில் நான் சந்தேகப்படவில்லை.

எடை இறங்கியது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான். "நல்லா எறங்குதுங்க்கா. அவசரப்பட வேண்டாம்" என்று அவர் சிரிப்பார். அவர் சிரித்ததும் அம்மாவின் முகம் கடுகடுக்கும். தராசு குறைத்துக் காட்டியதும் சிரிக்கிற ஆட்களை அம்மா எஸ்டேட்டில் நிறையப் பார்த்திருக்கிறாள்.

ஒரு ஞாயிறு அம்மா அரிசிப் பையோடு படியிறங்கினாள். மேட்டில் இருக்கும் மளிகைக் கடையில் அப்போதுதான் நிறுத்து வாங்கிய பத்துக் கிலோ. மெடிக்கலுக்குள் போனதும் தான் ஏறாமல் பையை மிஷின் மேல் வைத்தாள். ஒன்பதரை காட்டியது.

"பாத்தீங்களா! அரைக் கிலோவ முழுங்கிருச்சு. இதுல ஏறித்தான் நான் எளைச்சனாக்கும்?"

மருந்துக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். அவர் கோபப்படவில்லை. உள்ளே போய்ப் பிரிக்காத குளுக்கோஸ் பாக்கெட்டுகளை எடுத்து வந்தார். ஒவ்வொன்றும் ஒரு கிலோ. பையை இறக்கிவிட்டுப் பத்துப் பாக்கெட்டை அடுக்கினார். பத்துக்குக் கொஞ்சம் மேலே காட்டியது.

"மேல இருக்கறது அட்டைப்பெட்டி கனமுங்க்கா. மிஷின் சரியாத்தான் இருக்குது. அரிசி எங்க வாங்குனீங்க?"

அம்மா பையைத் தூக்கித் தலையில் வைத்தாள். "அந்த எடுபட்டவன் கடையிலயா இத்தன வருசமா வாங்கித் தின்னோம்" என்று திட்டிக்கொண்டே படியேறினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

பாதியில் கல் வந்தது. எனக்கு மூச்சு இரைத்தது. எப்போதும் நிற்கிற இடம்தானே என்று உட்கார்ந்தேன். பக்கத்தில் அம்மா இல்லை. மேலே மளிகைக் கடை வாசலில் அவள் சத்தம் கேட்டது. கடைக்காரர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அம்மா விடவில்லை.

கீழே பார்த்தேன். மெடிக்கல்காரர் கடையை விட்டு ரோட்டுக்கே வந்து நின்றிருந்தார். மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஏமாந்துபோனதற்காக எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று நினைத்தேன். கல்லில் உட்கார்ந்தபடியே நாக்கைத் துருத்திக் காட்டினேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அவர் பார்வை எனக்கு மேலே, அம்மாவிடம் இருந்தது. அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அன்று எனக்கு விளங்கவில்லை.