தாய்மாமன் சீரில் ஒரு துருப் படகு

புதிதாகச் செய்த சாமானை வேண்டுமென்றே பழசாக்கிக் கொடுப்பதும் ஒரு தொழில்தான், அதற்கும் ஆள் தேடி வருவார்கள் என்று சொன்னால் காரைக்காலில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள், மீதிப் பேர் சிரிப்பார்கள்.

நான் இருபது வருஷம் மோட்டார் சைக்கிளுக்குப் பெயின்ட் அடித்தவன். நசுங்கின டேங்கைத் தட்டி நிமிர்த்தி, பட்டி வைத்துத் தேய்த்து, ஷோரூமிலிருந்து இப்போதுதான் இறங்கிய மாதிரி பளபளக்க வைப்பேன். ஸ்பிரே புகை நெஞ்சில் இறங்கிவிட்டது, கடையை மூடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். சும்மா இருக்க முடியாமல், பார்த்த படகையும் டிராக்டரையும் ஜீப்பையும் ஒரு முழ நீளத்துக்குச் சின்னதாகச் செய்ய ஆரம்பித்தேன். என்னதான் ஒழுங்காகச் செய்து பெயின்ட் அடித்தாலும் பொம்மை பொம்மையாகவே நிற்கும். அதன் மேல் துரு நிறத்தில், புழுதி நிறத்தில், புகைக்கரி நிறத்தில் வருகிற பொடிகளை மெல்லிய பிரஷ்ஷால் தொட்டு, வேண்டிய இடத்தில் தேய்த்தால்தான் அது உழைத்த சாமானாகத் தெரியும். இந்தப் பொடியைத் தொட்டுக் கெட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் என் பாடு சொல்லாமலே விளங்கும். மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பொடியால் என் அக்கா மகள் கல்யாணத்தில் பெரிய மனஸ்தாபமே வந்திருக்கும்.

மின்விசிறி

முகத்துக்குப் போடுகிற பவுடரைவிட நைசாக இருக்கும் இந்தப் பொடி. மின்விசிறியைப் போட்டால் படகுக்குப் போக வேண்டிய துரு சுவருக்கும் சட்டைக்கும் போகும். அதனால் விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னலையும் சாத்திக்கொண்டுதான் உட்கார வேண்டும். எங்கள் ஊர்ச் சித்திரை மாதத்தில் அப்படி உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை படகின் மேல்தளத்தில் விழுந்தால், அந்த இடம் கறுப்பு வட்டமாகிவிடும். மறுபடி துடைத்து, காயவைத்து, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இதனால் எனக்கு ஒரு கெட்ட புத்தி வந்துவிட்டது. கரண்டு போனால் தெருவே மின்சாரத் துறையைத் திட்டும், நான் மட்டும் சந்தோஷமாகப் பிரஷ்ஷை எடுப்பேன். விசிறியை நிறுத்தியதற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம், அல்லவா? ஒருநாள் முந்தானையால் விசிறிக்கொண்டே என் மனைவி செல்வி சொன்னாள்: "ஊரே கரண்டு எப்ப வரும்னு கேக்குது. நம்ம வீட்டுலதான் எப்பப் போவும்னு கேக்குறீங்க."

பைபரில் துரு

நான் பிறந்தது மண்டபத்தூரில், கடலுக்குப் போகிற குடும்பத்தில். ஆனால் கரை மறைவதற்குள் எனக்கு வாந்தி வந்துவிடும். அப்படித்தான் டவுனுக்கு வந்து பெயின்ட் டப்பாவைப் பிடித்தேன். இந்த ரகசியம் தெரியாதவர்கள், மண்டபத்தூர்க்காரனுக்குப் படகைப் பற்றித் தெரியாததா என்று நம்பி வந்துவிடுவார்கள்.

முதலில் வந்தவர் ஒரு பைபர் படகுக்காரர். தன் படகை அப்படியே செய்து கேட்டார். நானும் செய்தேன். பொடி வாங்கிய புது மோகம், விளிம்பு முழுக்கத் துருவை அள்ளிப் பூசி, அடிப்பக்கம் வரை ஒழுகவிட்டிருந்தேன். அவர் படகைக் கையில் வாங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொக்கிப்போய் நிற்கிறார் என்று நினைத்தேன். கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "பைபர்ல ஏதுங்க துரு? தயவுசெஞ்சு நீங்க மண்டபத்தூர்னு மட்டும் வெளியில சொல்லாதீங்க."

நெடுங்காட்டுச் சேறு

நெடுங்காட்டிலிருந்து கலியபெருமாள் என்று ஒரு விவசாயி, தன் டிராக்டரைச் செய்யச் சொல்லி வந்தார். டயர் இடுக்கெல்லாம் சேற்று நிறப் பொடியைத் திணித்து, நடவு வயலிலிருந்து நேராக ஏறி வந்த வண்டி மாதிரி செய்து வைத்திருந்தேன். பார்த்தவுடன் முகம் சுருங்கிவிட்டது. "இது செம்மண்ணு. எங்க வயலு கருப்புங்க" என்றார். நான் பொடி டப்பாவைக் காட்டினேன், அதில் சேறு என்றுதான் போட்டிருந்தது. அவர் டப்பாவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், போய்விட்டார்.

மறுநாள் காலையில் ஒரு பிளாஸ்டிக் பை நிறையத் தன் வயல் மண்ணோடு வந்து நின்றார். அதை வெயிலில் காயவைத்து, செல்வி கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து மிக்சியில் அரைத்து, பழைய வேட்டித் துணியில் சலித்தேன். மிக்சி விவகாரம் தனிக் கதை, அதை இங்கே எழுதினால் இரண்டாவது தடவையும் திட்டு விழும். ஆனால் கடையில் வாங்கிய எந்தப் பொடியும் அப்படி ஒட்டியதில்லை. கலியபெருமாள் டயரைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம்தான் அவர் முகம் தெளிந்தது. கிளம்பும்போது சொன்னார்: "வாய்க்கால்ல தண்ணி வராத வருஷத்துலயும் இந்த டயருல சேறு இருக்கும். அது போதும் எனக்கு."

சொல்தாவின் ஜீப்

பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒரு பெரியவர், அந்தக் காலத்தில் தான் ஓட்டிய ஜீப்பின் போட்டோவோடு வந்தார். போட்டோவில் ஜீப்புக்குப் பின்னால் வெறும் மணல்காடு. நானும் பாலைவனப் புழுதியைச் சக்கரத்திலும் கண்ணாடியிலும் பார்த்துப் பார்த்துத் தூவி, இரண்டு வைப்பர் ஓடிய இடத்தை மட்டும் விசிறி வடிவத்தில் சுத்தமாக விட்டிருந்தேன். அந்த வைப்பர் வேலையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணாடிப் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு ஜீப்பைப் பார்த்தார். பையிலிருந்து மடிப்புக் கலையாத கைக்குட்டையை எடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கண்ணாடி, சக்கரம், பானெட் எல்லாவற்றையும் வரிசையாகத் துடைத்து முடித்துவிட்டார். நான்கு நாள் வேலை ஒரு கைக்குட்டைக்குள் போனது. பொடி ஒட்டிக்கொள்ள ஒரு மருந்து உண்டு, அதை அடித்திருந்தால் இது நடந்திருக்காது. ஆனால் அந்த மருந்து பாதிப் பொடியைக் குடித்துவிடும், புழுதி ஈரக்கறையாகிவிடும். அதனால் நான் மருந்து அடிக்காமல் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கொடுப்பதுதான் வழக்கம். பெட்டிக்குள் இருப்பதை யார் தொடப் போகிறார்கள்? அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெரியவர் கைக்குட்டையைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்: "தூசியோட வண்டி நின்னா எனக்குத் தூக்கம் வராது, தம்பி."

கவிதா கேட்ட சீர்

என் அக்கா மகள் கவிதாவுக்குக் கிளிஞ்சல்மேட்டில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளையின் அப்பா மாசிலாமணி, சொந்தமாக விசைப்படகு வைத்திருந்தவர். போன மீன்பிடித் தடைக்காலத்தில் மராமத்துக்காகப் படகைக் கரையேற்றியபோது, அடிமரம் முழுக்க உளுத்துப் போயிருந்தது தெரிந்து, பிரித்துப் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் துறைமுகம் பக்கமே போவதில்லை. "அவுங்க வீட்டுல போட்டப் பத்தி யாராச்சும் வாய் தொறந்தா மாமனாரு எழுந்து போயிடுவாராம். சாப்புட்டுக்கிட்டு இருந்தாலும் எழுந்துடுவாராம். அந்த வீட்டுலதான் மாமா நான் போயி இருக்கணும்" என்றாள் கவிதா. தாய்மாமன் சீராக எனக்கு எதுவும் வேண்டாம், அவருக்கு அந்தப் படகைச் செய்து கொடுங்கள் என்று கேட்டாள். அவர் முகம் தெளிந்தால் இவள் வாழப் போகிற வீடு தெளியும், இல்லையென்றால் ஆறின புண்ணைக் கிளறிவிட்டோம் என்று முதல் நாளே கெட்ட பெயர். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சரி என்றேன்.

பைபரில் துரு பூசியவன்தானே, இந்தத் தடவை ஜாக்கிரதையாக இருந்தேன். மாப்பிள்ளையின் போனிலிருந்த படங்களை எல்லாம் வாங்கி, ஒவ்வோர் ஆணிக்குக் கீழேயும் துரு எவ்வளவு தூரம் ஒழுகியிருக்கிறது, வலை ஏறி இறங்கிப் பின்பக்க விளிம்பு எங்கே தேய்ந்திருக்கிறது, புகைபோக்கிக்குப் பக்கத்தில் கரி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பொடி வைத்தேன். முடித்ததும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, செல்வியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா கல்யாணச் சீருல யாராவது துருப்புடிச்ச சாமான வைப்பாங்களா? சொல்லிட்டேன், அப்பறம் என் மேல பழி போடக் கூடாது."

ஈரத் துண்டு

கல்யாணத்தன்று காலையில் நான் மாலை வாங்கிவரப் போயிருந்தேன். அந்த நேரத்தில் அக்கா படகைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டாள். மண்டபத்தில் கூட்டத்தில் இடிபட்டுக் கண்ணாடி உடைந்தால் அபசகுனம் என்று அவளுக்குப் பயம். படகைத் தனியாகத் தாம்பாளத்தில், வாழைப்பழத்துக்கும் தேங்காய்க்கும் நடுவில் வைத்து, மற்ற சீர்த் தட்டுகளோடு மண்டபத்துக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள்.

நான் மாலையோடு உள்ளே நுழைந்தபோது, மாப்பிள்ளையின் அத்தை காமாட்சி, தாம்பாளத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் என் படகு. கையில் ஒரு வெள்ளைத் துண்டு, ஈரமாக. துண்டு முழுக்கத் துரு நிறம். ஒரு பக்கம் முழுசாகத் துடைத்து முடித்து, மறுபக்கத்துக்குப் படகைத் திருப்பிக்கொண்டிருந்தார். மாலையைப் பக்கத்திலிருந்தவர் கையில் திணித்தேன். "ஐயோ, விட்டுடுங்கக்கா" என்று மட்டும்தான் வந்தது. அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வேன்ல வந்ததுல அழுக்காயிடுச்சு போலருக்கு, தம்பி. நாலு பேரு பாத்தா உங்க பொண்ணத்தான் பேசுவாங்க. யாரும் பாக்குறதுக்குள்ள பாதி தொடச்சிட்டேன், மீதிய நீங்க தொடச்சிடுங்க."

இரண்டு பக்கம்

கோபப்படவும் வழியில்லை. அவர் எங்கள் பெண்ணுக்காகத்தான் துடைத்திருக்கிறார். வீட்டுக்குப் போய்ப் பொடி எடுத்துவர நேரமும் இல்லை, முகூர்த்தம் நெருங்கிவிட்டது. பாதி புதுசும் பாதி பழசுமாகப் படகைத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு, மணமேடைக்குப் பக்கத்தில் மாசிலாமணி முன்னால் போய் நின்றேன். கவிதா மணையில் உட்கார்ந்தபடி தலையைத் திருப்பி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கண்ணில் முதலில் பட்டது துடைத்த பக்கம். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். எழுந்து போகப் போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை. படகைக் கையில் எடுத்துத் திருப்பினார். ஆணிக்குக் கீழே ஒழுகின துரு, வலை தேய்த்த விளிம்பு, புகைக்கரி. விரல் அந்த விளிம்புக்குப் போனது. "தொட்டுடாதீங்கண்ணே, பொடி வந்துடும்" என்றேன். சட்டென்று விரலை எடுத்துக்கொண்டு, "இங்கதான் வலை உரசும்" என்றார், யாரிடம் என்றில்லாமல். தாலி கட்டி முடிகிற வரைக்கும் அவர் அந்தப் படகைக் கீழே வைக்கவே இல்லை. மேடையில் கவிதா எல்லாரும் பார்க்க மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள், கேட்டவர்களிடம் ஓமப் புகை என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த வாரம் கண்ணாடிப் பெட்டியையும் பொடி டப்பாக்களையும் எடுத்துக்கொண்டு கிளிஞ்சல்மேட்டுக்குப் போனேன். துடைத்த பக்கத்தைச் சரிசெய்து கொடுத்துவிடலாம் என்று எண்ணம். கவிதா டீயைக் கொடுத்துவிட்டு, "சாப்புட உக்காந்தா ஒரே போட்டுக் கதைதான் மாமா. நடுவுல எழுந்துக்கக்கூட விட மாட்டேங்குறாரு" என்று சலித்துக்கொண்டாள். அந்தச் சலிப்பைக் கேட்டு எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வாசலுக்கும் மாசிலாமணியின் நாற்காலிக்கும் நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு, அதன் மேல் படகு. துடைத்த பக்கம் வாசலைப் பார்த்து, துருப் பக்கம் நாற்காலியைப் பார்த்து. பெட்டியை மேலே கவிழ்ப்பதற்கு முன், துடைத்த பக்கத்துக்கும் பொடி வைத்துவிடுகிறேன் என்று டப்பாவைத் திறந்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார்: "வர்றவங்களுக்கு அந்தப் பக்கம், எனக்கு இந்தப் பக்கம். நீங்க டப்பாவ மூடுங்க."

இருபது வருஷம் பழசைப் புதுசாக்கி, அப்புறம் புதுசைப் பழசாக்கி, இரண்டிலும் முழுசாக உழைத்த எனக்குச் சொந்தத்தில் நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது, யாரோ ஈரத் துண்டால் துடைத்துப் பாதியாக்கின வேலைதான்.