கைதட்டலுக்கு அடியில் ஒரு கிட்டார்

பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து அந்தக் கைகள் ஒலிநாடா இயந்திரத்தின் தலையைத் துடைக்கின்றன. பஞ்சு பழுப்பாகிறது. அது அழுக்கல்ல. நாடாவின் மேல் பூசியிருந்த துகள், அதாவது பாட்டு, உதிர்ந்து வருகிறது. கைகள் நாடாச் சுருளைக் கழற்றி, ஆப்ரிகாட் பழம் உலர்த்தும் மின்பெட்டியின் தட்டில் படுக்க வைக்கின்றன. இளஞ்சூட்டில் கிடந்தால் துகள் மறுபடி இறுகும். பிறகு ஒரு முறை ஓட்டலாம். இரண்டாம் முறைக்கு யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள்.

கைகளுக்குச் சொந்தக்காரி ஷோம்லோ ஹெட்விக். புடாபெஸ்டில், என் வீட்டுக்கு எதிர்த்தாற்போல் அதே முற்றத்தைப் பார்த்த வீடு அவளுடையது. சின்ன வயதிலேயே வானொலியில் நாடா வெட்டும் வேலைக்குப் போனவள். கச்சேரிப் பதிவுகளில் யாராவது இருமுவார்கள், நாற்காலியை இழுப்பார்கள், கண்ணாடிக் கோப்பையைத் தவறவிடுவார்கள். அதையெல்லாம் பிளேடால் வெட்டி, வெட்டிய இடம் தெரியாமல் ஒட்ட வேண்டும். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. குப்பைக்கூடையில் கிடந்த துண்டுகளை ஒட்டி ஒட்டிப் பார்த்தே பழகினாள். ‘இருமல் ஹெடி’ என்று பெயர் வைத்தார்கள். பின்னால் கணவன் போனான், வேலை போனது, மகன் மியூனிக் போனான். அவள் மட்டும் சமையலறையை ஒட்டிய அறையில் அதே இருமலை வெட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் கையில் இருந்த வேலை கெலென் விடோரின் கிட்டார். எண்பத்தொன்றாம் ஆண்டுக் குளிர்காலத்தில் தொழிலாளர் கலாசார மன்றத்தில் அவன் வாசித்த ஜாஸ் கச்சேரி. அப்போதே இசைத்தட்டாக வந்து தீர்ந்துபோனதை ஒரு சிறிய நிறுவனம் திரும்ப வெளியிடுகிறது. விடோருக்கு வாழ்க்கையில் அமைந்த ஒரே தட்டு அதுதான். மற்ற வருடங்களெல்லாம் ஹோட்டல் மதுக்கூடங்களில் சாப்பிடுகிறவர்களுக்கும், கப்பலில் ஆடுகிற ஸ்வீடன்காரர்களுக்கும் வாசித்துக் கழிந்தன.

அந்தக் கச்சேரியில் மிகச் சிறந்தது தட்டில் இல்லை என்று அன்று அரங்கில் இருந்த எல்லோரும் சொல்வார்கள். ஹெடியும் இருந்தாள், அவளும் சொல்வாள். கச்சேரி முடிந்ததும் கைதட்டல் முதலில் மழைபோலச் சிதறி விழுந்தது. பிறகு எங்கள் ஊர் வழக்கப்படி எல்லாக் கைகளும் ஒரே தாளத்துக்கு வந்தன. கலைஞன் திரும்பி வரும்வரை அந்தத் தாளம் விடாது. விடோர் திரும்பி வந்தான். தட்டல் அடங்கக் காத்திராமல், அதையே மத்தளமாக எடுத்துக்கொண்டு அதன் மேல் வாசித்தான். ஆனால் நாடாவுக்குப் பஞ்சமான காலம். கைகள் ஒன்று சேர்ந்தால் இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும் என்பது பதிவாளருக்கு விதி. நிறுத்திவிட்டார்.

போன வருடம் விடோருக்குப் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. “அந்த நாலு நிமிஷம் கெடச்சா போதும் ஹெடி,” என்றான். “மத்ததெல்லாம் யாரோ சூப் குடிக்கறதுக்காக வாசிச்சது. அன்னிக்கு மட்டுந்தான் நான் வாசிச்சேன். அது நெசமா, இல்ல நானா கட்டிவிட்டுக்கிட்டதான்னு செத்துப்போறதுக்குள்ள தெரியணும்.”

விஷயம் காதில் விழுந்து, ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர் திஹமேர் ஒரு சுருளைக் கொண்டுவந்து கொடுத்தார். அன்று மாடி இருக்கையிலிருந்து ரகசியமாகப் பதிந்தது. அதுதான் பழப்பெட்டிக்குள் கிடந்தது.

ஹெடி ஓட்டினாள். கச்சேரி முடிந்தது, கைதட்டல் சிதறியது, ஒன்று சேர்ந்தது. பதிவு நிற்கவில்லை. அவள் ஒலிபெருக்கிப் பக்கம் சாய்ந்தாள். உடனே தடால். தடால். தடால். பெட்டிக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல. அடியில் எங்கோ கம்பி ஒன்று முனகியது.

திஹமேருக்குப் போன் போட்டாள்.

“மைக்க எங்க வெச்சிருந்தீங்க?”

“கையிலதான்.”

“கைதட்டல் வந்தப்ப?”

“அப்பவும் கை... ஐயையோ.”

“மைக்கோடயா தட்டினீங்க?”

“தட்டாம பின்ன? ஊரே எந்திரிச்சுத் தட்டுது, ஒருத்தன் மட்டும் மைக்க நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தா என்னன்னு நெனப்பானுங்க? மேலிடத்துக்கு எழுதிப் போடற உளவாளின்னுதான? பல்லு மிஞ்சியிருக்காதும்மா!” பெரிதாகச் சிரித்தார். இந்தப் பக்கம் சிரிப்பு வராததால் நிறுத்தினார். “ரொம்பக் கெட்டுப்போச்சா?”

“பாக்கறேன்,” என்றாள்.

அந்த ஒரே ஓட்டத்தில் எடுத்த பிரதியை வைத்துக்கொண்டு வசந்தம் முழுக்கப் பார்த்தாள். இருமல் சுரங்களுக்கு நடுவில் விழும், வெட்டிவிடலாம். இது அப்படியில்லை. விடோர் தட்டலின் மேலேயே வாசித்திருந்தான், ஒவ்வொரு சுரத்தையும் உள்ளங்கைகள் மோதும் நொடியில் வைத்து. அடியை எடுத்தால் சுரமும் கூடவே வந்தது. எடுத்த பிறகு மிஞ்சியது ரீங்காரத்தின் வால்கள் மட்டும். மெல்லச் சீவிப் பார்த்தாள், பாதி எடுத்துப் பார்த்தாள். கண் வீங்கி முற்றத்துக் குழாயில் முகம் கழுவ வருவாள். நாங்கள் யாரும் கேட்பதில்லை.

வெளியீட்டு நிறுவனத்துப் பையன் பென்டெகூஸ் வந்து கேட்டான்.

“அத்தை, எதுக்கு இந்தப் பாடு? அவரோட மத்த வாசிப்ப எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போட்டா, இந்த நாலு நிமிஷத்த அதுவே வாசிச்சிரும். ஒருத்தருக்கும் தெரியாது.”

“அப்ப அட்டையில கம்ப்யூட்டர் மூஞ்சியப் போடு.”

“இத யாரு கேப்பா? கதவ ஒடைக்கற மாதிரி இருக்கு.”

“கேக்காதவன் ஊசியத் தூக்கிரட்டும்.”

அவன் தோளைக் குலுக்கினான். மறுவெளியீடு இரட்டைத் தட்டு; இரண்டாம் தட்டின் கடைசியில் அந்த நான்கு நிமிடங்கள் அப்படியே போயின. அவள் ஒரு அடியைக்கூட எடுக்கவில்லை. எடுக்கத் தெரியவில்லை என்பதுதான் சரி.

அச்சாகி வந்த முதல் பிரதியைப் பையில் வைத்துக்கொண்டு டிராமில் விடோரின் வீட்டுக்குப் போனாள். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான்.

“பாலிங்கா சாராயம் அங்க இருக்கு, நீயே ஊத்திக்க. எனக்கு ஒரு கையிலயே மூடி தொறக்கற வித்தை இன்னும் வரல.” அவள் ஊற்றவில்லை. அவன் முகம் மாறியது. “கெடைக்கலியா?”

“இருக்கு. ஆனா உன் வாசிப்பக் கேக்க முடியல.”

“கொஞ்சங்கூடவா?”

“தட்டல எடுத்தா நீயும் கூடவே போயிடற. ஒவ்வொண்ணையும் சரியா அது மேலயே வெச்சிருக்க.”

“அவ்வளவு சரியாவா?”

“அவ்வளவு சரியா.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கீழே குப்பை வண்டி வந்து நின்றுவிட்டுப் போனது.

“நாடாவ விடு. நீ முன்வரிசையில இருந்த. உன் காதுக்குத் தப்பாது. நீ சொல்லு ஹெடி, நல்லாருந்துச்சா?”

காதால் பிழைத்தவள் அவள். தேடிப் பார்த்தாள். அரங்கத்தின் புழுக்கம் வந்தது. நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாடை வந்தது, உள்ளங்கை எரிச்சல் வந்தது. மேடையில் குனிந்திருந்த அவன் தலை வந்தது. சுரம் ஒன்றுகூட வரவில்லை. நல்லாருந்துச்சு என்று சொல்லிவிடலாம். இத்தனை வருடமும் எல்லோரோடும் சேர்ந்து அதைத்தானே சொன்னாள்.

“நானும் தட்டிக்கிட்டிருந்தேன் விடோர்.”

அவன் வலது கையால் இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். “எல்லாருந்தான் தட்டினீங்க,” என்றான்.

அவள் பையைத் திறந்து தட்டை எடுத்து நீட்டினாள். அவன் வலது கையை நீட்டினான். இரட்டைத் தட்டு, கனம். அவன் விரல்கள் பற்றும்வரை மறுமுனையைப் பிடித்திருந்து, பிறகு விட்டாள்.