ரெபேக்காள் கேட்ட சாலை

1988இல் ஒரு பயிற்சி வகுப்பில், தலைமுடி கனத்தில் இருந்த கண்ணாடி இழையொன்றை ஆசிரியர் தூக்கிக் காட்டினார். இதை மண்ணில் புதைத்து உள்ளே வெளிச்சத்தை அனுப்பினால், மேலே வண்டி போகிற அதிர்வில் வெளிச்சம் மாறுமாம். மைல் கணக்கில் தள்ளி உட்கார்ந்து அதைக் கண்டுகொள்ளலாமாம். வெளிநாட்டில் சோதித்துப் பார்க்கிறார்களாம். வகுப்பே வாயைப் பிளந்தது. எனக்கு ரெபேக்காள்தான் ஞாபகத்துக்கு வந்தாள்.

அவள் குற்றாலம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். பாவூர்சத்திரத்துக்காரி. 1979 சீசனில், ஐந்தருவி சாலையில் லாட்ஜ் நடத்திய ஒருவர், தான் பேசும்போதெல்லாம் லைன் கரகரக்கிறது, ஆபரேட்டர் ஒட்டுக் கேட்கிறாள் என்று புகார் எழுதிவிட்டார். அது நிஜமானால் வேலை போய்விடும். அவளுக்கோ வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை; வீட்டில் அடுப்பெரிவது அவள் சம்பளத்தில். விசாரிக்கப் போன ஜூனியர் இன்ஜினியர் நான். ஏதோ பெரிய துப்பறியும் அதிகாரி என்கிற நினைப்போடு தென்காசியில் பஸ் ஏறினேன்.

“கரகரப்பு ரோட்டுல இருந்து வருது சார்,” என்றாள். “யாரும் பேசாதப்பவும் கேக்குது. கனமான வண்டி போனா கூடுது.”

ஒரு தாளை நீட்டினாள். பத்தொன்பது நாள், எந்த நேரத்தில் எவ்வளவு உறுமியது என்று குறித்து, பக்கத்தில் பஸ் நேரத்தையும் எழுதியிருந்தாள். “அருவிச் சத்தம் வருதான்னும் பாத்தேன். வரல.”

தாளில் எதை வேண்டுமானாலும் எழுதலாமே என்று எனக்குச் சந்தேகம். லைன்மேன் இசக்கிப்பாண்டியைத் தனியே கூப்பிட்டு, அந்த லாட்ஜுக்குக் கேபிள் போகிற வழியெல்லாம் கடப்பாரையால் தரையில் குத்தச் சொன்னேன். இடத்துக்கு இடம் அவர் இஷ்டத்துக்கு எண்ணிக்கை. யாரிடமும் சொல்லக் கூடாது. ரெபேக்காள் ஹெட்செட்டோடு அரைமணி நேரம் அசையாமல் இருந்தாள். பிறகு, “இப்பத்தான் கேக்குது. ஏழு,” என்றாள்.

இசக்கிப்பாண்டி திரும்பி வந்தார். “சின்னப் பாலத்துக்கிட்ட ஏழு குத்து சார். இந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரிஞ்சுது?”

அங்கே தோண்டினோம். கேபிள் இணைப்பு ஒன்று இளகி, மழைத்தண்ணீர் இறங்கிக் கிடந்தது. மேலே அதிர்ந்தால் அதுவும் அதிர்ந்து கரகரத்தது. உடனே சரிசெய்யச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. ஹெட்செட்டை வாங்கி மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். பஸ் எது, லாரி எது என்று எனக்கே பிடிபட ஆரம்பித்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

விசாரணைப் படிவத்தில் ஒரு கேள்வி: ஆபரேட்டர் லைனைக் கேட்டாரா? ‘இல்லை’ என்று எழுதினேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

“தப்பு சார். டெஸ்ட் பண்ணத்தான் மொதல்ல கேட்டேன். பொறவு ஆசையிலயும் கேட்டேன். பேச்சு வந்தா போர்டுல கேக்குற சாவியை மூடிருவேன்.”

“ஆமான்னு எழுதினா வேலை போயிரும்மா.”

“இல்லைன்னு எழுதினா, இந்தத் தாளு யார் எழுதுனதுன்னு கேப்பாங்கள்லா. அப்ப நான் திருடியாயிருவேன்.”

நான் ‘இல்லை’யை அடித்துவிட்டு எழுதினேன்: ‘ஆம். கேட்டது சாலையை. ஒரு மணி நேரம் நானும் கேட்டேன்.’

அடுத்த மாதம் அவள் வேலை நிரந்தரமானது. லைனை ஏன் கேட்டாய் என்று விளக்கம் கேட்கும் மெமோ எனக்கு வந்தது.